யாரும் சாகாத கட்டடம்

"மேடம், இந்தக் கட்டடத்துல ஏன் யாரும் சாகறதில்லைன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றான் தவளை. "ஏழு மாடி. லிஃப்ட் வேலை செய்யலை. எமன் மூணாவது மாடி வரைக்கும் ஏறியிருப்பான். முட்டி வலி தாங்காம அப்படியே இறங்கிப் போயிருப்பான்."

கோட்டான் எமனுக்கும் ஒரு மாடி பின்தங்கி, கைப்பிடியைப் பற்றியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோட்டான் என்பது அவள் காவல் துறையில் இருந்த காலத்தில் வைத்த பெயர். விசாரணை அறையில் வாயைத் திறக்காமல் கண்ணை மட்டும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரில் இருப்பவன் அந்தப் பார்வை தாங்காமல் தானே பேசத் தொடங்குவான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. தவளையின் பெயருக்கு விளக்கமே தேவையில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சாவுகளைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தவன், மேலாளரைப் பற்றி மேலாளருக்குப் பின்னாலேயே நின்று ஒரு ஜோக் சொல்லி, தன் வாயால் கெட்டு அவளிடம் உதவியாளாக வந்து சேர்ந்தவன்.

காலையில்தான் இந்த வேலை வந்து சேர்ந்தது. கொடுத்தவர் ஒரு பேராசிரியர். அரசாங்கம் போடுகிற சமூகநல, சுகாதாரத் திட்டங்களால் யாருக்காவது உண்மையில் நல்லது நடந்ததா என்று எண்ணிக்கை வைத்து எடைபோடுகிற துறை அவருடையது. மாணவர்கள் ஆளுக்கொரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, வருடம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஆய்வேடாக எழுதிக் கொடுப்பார்கள்.

மாணவி ஒருத்தி எடுத்தது வாரவருகைத் திட்டம். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர் இருக்கிற வீட்டுக்கு வாரம் ஒருமுறை அரசாங்க நர்ஸ் போய், ரத்த அழுத்தம் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மருந்தைச் சரிபார்த்துவிட்டு வருவார். திட்டம் நடக்கிற குடியிருப்புகளையும் நடக்காத குடியிருப்புகளையும் அவள் ஒப்பிட்டாள். மாதாமாதம் முதியவர்களுக்கே போன் போட்டுப் பேசினாள். திட்டம் உள்ள இடங்களில் சாவு குறைவு என்று வந்தது. அதிலும் மூடிக்கிடக்கும் நூற்பாலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஏழு மாடிக் கட்டடத்தில், வருடம் முழுவதும் ஒரு முதியவர்கூடச் சாகவில்லை.

"பூஜ்யம்," என்றார் பேராசிரியர், பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல. "என் அனுபவத்துல இவ்வளவு அழகான பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை. சுகாதாரத் துறைக்கு உடனே அனுப்பிட்டேன். அவங்களும் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

சந்தோஷம் நீடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் புகார் எண்ணுக்கு ஒரு குரல் செய்தி வந்திருந்தது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசிய பெண் குரல். 'அந்தப் பொண்ணோட கணக்கு பொய். அந்தக் கட்டடத்துல சாவே இல்லைங்கறதை நம்பி எதையும் முடிவு பண்ணிடாதீங்க.' அவ்வளவுதான். கடைசியில் பர்ர்ரென்று எதையோ கிழிக்கிற சத்தம். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

"பழைய துணியா? ஆய்வேட்டைக் கிழிக்கிறாங்களா?" என்று தவளை காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"நாளைக்கு விசாரணைக் குழு கூடுது," என்றார் பேராசிரியர். "அந்தப் பொண்ணு பதில்களைத் தானே உக்காந்து எழுதிக்கிட்டாளான்னு அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

மாணவி வராந்தாவில் தூணோரமாக நின்றிருந்தாள். இரவெல்லாம் தூங்காத கண்.

"நான் ஒரு எண்ணைக்கூட மாத்தலை மேடம். எல்லாருக்கும் நானேதான் போன் பண்ணேன்."

"சாவுப் பதிவைப் பார்த்தியாம்மா?" என்று கோட்டான் கேட்டாள்.

"அது வேற அலுவலகம். அனுமதி கேட்டு எழுதிப் பல மாசமாச்சு. ஞாபகப்படுத்தி இன்னொரு தடவை எழுதினேன். ஞாபகப்படுத்தினதுக்கு நன்றின்னு பதில் வந்துது."

தவளைக்கே அதன்மேல் ஒரு ஜோக் சொல்லத் தோன்றவில்லை.

"பொய்யின்னு முடிவானா என்ன ஆகும்?"

"பட்டம் கிடைக்காது. வேற எங்கேயும் சேரவும் முடியாது." அவள் புத்தகப் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அக்கா வீட்டு ஹால்ல படுத்துக்கிட்டுப் படிக்கிறேன். மச்சான் ஒண்ணும் சொல்லமாட்டார். அவர் ஒண்ணும் சொல்லாததுதான் கஷ்டமா இருக்கு." பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, "அந்தக் கட்டடத்துல ஏழாவது மாடியில ஒரு பெரியம்மா இருக்காங்க. எனக்கு ஜுரம்னு தெரிஞ்சு, மறு மாசம் நான் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி அவங்க என்னைக் கேட்டாங்க, உடம்பு தேவலையான்னு. அவங்களை நான் எப்படிக் கற்பனையா எழுத முடியும்?"

அந்தப் பெரியம்மாவைத் தேடித்தான் படியேறிக்கொண்டிருந்தார்கள். போகிற வழியில் இரண்டு கதவுகளைத் தட்டிப் பார்ப்பது என்று முடிவு.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மருமகள். இடுப்பில் ஒரு குழந்தை. உள்ளே கட்டிலில் அவள் கணவன் படுத்திருந்தான். நாற்பது வயதுக்காரன், முழங்கால் வரை கட்டு.

"மாமனாரைப் பார்க்கணும்," என்றாள் கோட்டான். "ஆய்வுக்காக."

"குளிச்சிட்டிருக்கார்."

"இருந்து பார்த்துட்டுப் போறோம்."

"அவர் குளிச்சா ரொம்ப நேரமாகும்."

தவளை குளியலறைக் கதவைப் பார்த்தான். "ஆகும் தங்கச்சி. வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கே. அவரா எப்படி வருவார்?"

மருமகள் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கட்டிலில் இருந்தவனைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாவது மாடியில் மகன் வந்து நின்றான். முண்டா பனியன், முன்கையில் கட்டு, சோகை பிடித்த முகம்.

"அம்மா தூங்கறாங்க. எழுப்பிப் பிரயோஜனம் இல்லைண்ணே. பல வருஷமா காது சுத்தமாக் கேக்காது."

"அடப்பாவமே," என்றான் தவளை. "அப்போ மாசாமாசம் போன்ல அரைமணி நேரம் பதில் சொல்றாங்களே, அது எந்தக் காதுல?"

அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

ஆறாவது மாடித் திருப்பத்தில் கோட்டான் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காதுக்குள் ரத்தம் தடதடத்தது. காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது நினைவில்லை. தவளை தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ஆக, ரெண்டு வீட்லயும் பெரியவங்க இல்லை. இருக்கற மாதிரி நாடகம். அடுத்த வீட்ல ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துடலாமா? பழைய வேலையில அந்த மாதிரி ஒரு கேஸ்..."

"வாயைக் கழுவு." அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "பெரியவங்க முறைப்படிதான் செத்திருப்பாங்க. அடக்கமும் ஆகியிருக்கும். திட்ட அலுவலகத்துக்கு மட்டும் யாரும் சொல்லலை. முதல் வீட்ல கட்டில்ல இருந்தவன் கால் கட்டைப் பார்த்தியா?"

"புதுசு. வெள்ளை வெளேர்னு இருந்துது."

"அஞ்சாவது மாடிக்காரன் கையில?"

"அதுவும் புதுசுதான்."

"ரெண்டுலயும் முடிச்சு எந்தப் பக்கம் இழுத்திருந்துது?"

தவளை தன் இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டி ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தான். அவன் போட்டது வேறு பக்கம் போனது. "இடது கைக்காரங்க போட்ட முடிச்சு," என்றான், குரல் இறங்கி. "ரெண்டும் ஒரே ஆள்."

"இந்த வீடுகள்ல வயசானவங்க இல்லை. நோயாளி இருக்கான். வயசானவங்க பேர்ல வர்ற நர்ஸ் அந்த நோயாளியைப் பார்க்கறா." அவள் எழுந்தாள். எழுவதற்கு அவனுடைய தோள் தேவைப்பட்டது. "வா. இன்னும் ஒரு மாடிதான்."

ஏழாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள் ஒரு பெண். முப்பது தாண்டியிருக்கும். போர்வைக்குக் கீழே இருந்த கால்கள் அசைவதாகத் தெரியவில்லை. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அவளுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் நர்ஸ். ஐம்பதை நெருங்குகிற பெண். நகவெட்டி இடது கையில்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டானின் முகத்தைப் பார்த்ததும் நகவெட்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"முதல்ல உக்காருங்கக்கா. முகமே சரியில்லை. கையை நீட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நீட்டுங்க."

கோட்டான் கையை நீட்டினாள். ரத்த அழுத்தக் கருவியின் பட்டை சுற்றப்பட்டது, காற்று ஏறியது, இறங்கியது. நர்ஸ் உதட்டைப் பிதுக்கி, "எப்படி ஏழு மாடி ஏறினீங்க?" என்று கேட்டபடியே ஒட்டுப்பட்டையைப் பிய்த்தாள்.

பர்ர்ர்.

தவளை ஏதோ சொல்லத் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

கோட்டான் சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டுக்கொண்டாள். "பல்கலைக்கழகத்துக்கு நீங்கதான் போன் பண்ணீங்க," என்றாள். "பேசி முடிக்கும்போது இந்தப் பட்டையை யாரோட கையிலிருந்து கழட்டினீங்க?"

நர்ஸ் கருவியைப் பைக்குள் வைத்து மூடினாள். பிறகு அந்தக் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

"என் கையிலிருந்துதான். எனக்குத் தலை சுத்தல் வந்து நானே பார்த்துக்கிட்டேன். எனக்குப் பார்க்க வேற யார் இருக்கா?"

"இந்த ஏமாத்தைத் தொடங்கினவங்களும் நீங்க. புகார் பண்ணவங்களும் நீங்க. அதுதான் எனக்குப் புரியலை."

"ஏமாத்துன்னு நினைச்சுத் தொடங்கலை. இவ அம்மா போன வருஷம் போயிட்டாங்க." கட்டிலில் இருந்தவளைத் தலையால் காட்டினாள். "விதிப்படி அந்த வாரமே நான் வர்றதை நிறுத்தணும். எழுபத்தஞ்சைத் தாண்டினவங்க இந்த வீட்ல இல்லையே. இவளுக்கு முதுகுல புண். நான் கட்டு மாத்தலைன்னா ஒரு மாசத்துல எலும்பு தெரியும். அம்மா நல்லாருக்காங்கன்னு அலுவலகத்துல ஒரு வரி சொல்லிட்டேன். ஒரு வீட்டுக்குச் செஞ்சா பக்கத்து வீடு சும்மா இருக்குமா? அவங்க வீட்லயும் ஒரு புண்ணு, ஒரு குழாய். யாருக்கு இல்லைன்னு சொல்றது?"

"சரி. புகார் எதுக்கு?"

"சாவே இல்லையே அக்கா." நர்ஸ் சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "அந்தப் பொண்ணோட கணக்கைப் பார்த்துட்டு மேலிடத்துல மகிழ்ந்துபோயிட்டாங்க. ஒரு நர்ஸ் போற இடத்துல சாவே இல்லைன்னா, அவளுக்கு இன்னும் ஒரு மடங்கு வீடு குடுக்கலாமேன்னு உத்தரவு தயாராகுது. எல்லா நர்சுக்கும். இப்பவே சாயங்காலம் வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டக் குனிய முடியலை. இன்னும் ஒரு மடங்குன்னா, இவ வீட்டுக்கு நான் கால் மணிகூட ஒதுக்க முடியாது. கணக்கு பொய்யின்னு சொன்னா உத்தரவு நிக்கும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு தலையில விழும்னு தோணலை. தோணியிருக்கணும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கோட்டானுக்கு அந்த அறையில் பாவத்தைக் கொண்டுபோய் வைக்க ஓரிடம் அகப்படவில்லை. வேலையில் இருந்த காலத்தில் குற்றவாளி அகப்பட்டதும் அவளுக்கு உடம்பில் ஒரு தெம்பு வரும். இப்போது படுத்துத் தூங்கவேண்டும் போல இருந்தது.

"போன்ல பெரியம்மாவாப் பேசினது யார்?" என்று தவளை கேட்டான். ஜோக் எதுவும் சேர்க்காமல் அவன் கேட்ட கேள்வி அன்றைக்கு அது ஒன்றுதான்.

"நான்தான்," என்றாள் கட்டிலில் இருந்தவள்.

மாணவியை வரச் சொல்லிக் கோட்டான் போன் செய்தாள். வெயில் தாழ்கிற நேரத்தில் அவள் வந்து சேர்ந்தாள். ஏழு மாடியையும் ஓடியே ஏறியிருப்பாள் போலிருக்கிறது, வாசற்படியில் மூச்சிரைக்க நின்று, "பெரியம்மா எங்கே?" என்றாள்.

கட்டிலில் இருந்தவள் தொண்டையைச் செருமினாள். குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நடுக்கம் சேர்த்து, "ஜுரம் விட்டுடுச்சாடி கண்ணு?" என்று கேட்டாள்.

மாணவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே," என்றாள் கட்டிலில் இருந்தவள், தன் சொந்தக் குரலில். அது இளமையான குரல். "முதல் தடவை நீ போன் பண்ணப்போ, அம்மா போயிட்டாங்கன்னு சொல்லத்தான் எடுத்தேன். நீ எடுத்த எடுப்புல, நல்லாருக்கீங்களான்னு கேட்டே. ராத்திரி தூக்கம் வருதா, வலி இருக்கா, தனியா இருக்கற மாதிரித் தோணுதான்னு வரிசையாக் கேட்டே. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாத்துக்கும் உண்மையைத்தான் சொன்னேன். யாரோட உண்மைங்கறதை மட்டும் சொல்லலை."

நர்ஸ் மாணவி பக்கம் திரும்பி, "உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்மா," என்றாள். மாணவி பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் பூஜ்யம்?"

"அது போச்சு," என்றாள் கோட்டான். "நீ பொய் எழுதலைன்னு நான் எழுதிக் குடுத்துடுவேன். ஏன் அப்படிச் சொல்றேன்னு குழு கேக்கும். கேட்டா, இந்தக் கதவுகளைக் காட்டியாகணும். காட்டினா நாளைக்கே இவங்க வர்றது நின்னுபோகும். இவங்க வேலையும் போகும். காட்டலைன்னா உன்மேல சந்தேகம் ஒட்டிக்கிட்டே இருக்கும். நான் எதை எழுதட்டும்?"

"நீங்க முதல் வரியோட நிறுத்திக்குங்க மேடம்," என்றாள் மாணவி, கட்டிலைப் பார்த்தபடி. "மீதியை நான் பேசிக்கறேன்."

மறுநாள் காலை விசாரணைக் குழு கூடிய அறையில் குளிர்சாதனம் மட்டும் உற்சாகமாக வேலை செய்தது. கோட்டானும் தவளையும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய ஒரு வரி அறிக்கை வாசிக்கப்பட்டது. பேராசிரியர் முகம் மலர்ந்தார்.

மாணவி எழுந்தாள். "நான் எதையும் புனையலை. ஆனா அந்தக் கட்டடத்தைப் பத்தின என் முடிவு தப்பு. இறந்துபோனவங்களுக்குப் பதிலா உயிரோட இருக்கறவங்க பதில் சொல்லியிருக்காங்க. ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கறேன்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "சுகாதாரத் துறைக்கு நான் அனுப்பிட்டேனேம்மா," என்றார் பேராசிரியர்.

"அவங்களுக்கும் எழுதணும் சார். இந்தக் கணக்கை வச்சு எந்த உத்தரவும் போடக்கூடாதுன்னு."

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "யார் யார் அப்படிப் பதில் சொன்னாங்க?"

"சொல்ல மாட்டேன். போன்ல பேசறவங்க பேரை வெளியே விடமாட்டேன்னு வாக்குக் குடுத்துத்தான் பேச ஆரம்பிச்சேன்."

"ஆதாரம் இல்லாம நாங்க எதை நம்பறது?"

"சாவுப் பதிவு அலுவலகத்துல கேளுங்க. பேர் வேண்டாம், அந்தக் கட்டடத்துல எத்தனை பேர்ங்கறது மட்டும் போதும். நீங்க கேட்டா குடுப்பாங்க. நான் கேட்டா நன்றி சொல்றாங்க."

பின்வரிசையில் தவளை இருமலாக மாற்றிக்கொண்டது சிரிப்புத்தான்.

"ஏன் அப்படிச் சொன்னாங்கங்கறதாவது தெரியுமா?" என்று தலைவி கேட்டார்.

"தெரியும். திட்டம் வயசைப் பார்க்குது. நோயைப் பார்க்கலை. நானும் அப்படித்தான் பார்த்தேன். எத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணினேனே தவிர, நர்ஸ் வரலைன்னா யாருக்கு என்ன ஆகும்னு ஒரு கேள்விகூட என் கேள்விகள்ல இல்லை."

முடிவு சாயங்காலம் வந்தது. புனைவு இல்லை என்று தீர்ப்பு. ஆனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது, ஆய்வை முதலிலிருந்து செய்யவேண்டும், உதவித்தொகை நீளாது. நர்சுகளின் வீடுகளை இரட்டிப்பாக்கும் உத்தரவு மறுபரிசீலனைக்குப் போனது. எழுபத்தைந்து வயது விதியும் பரிசீலனைக்குப் போனதாகச் சொன்னார்கள். அந்தக் கோப்புகளின் ஊர்வலம் எங்கே போய் நிற்கும் என்று கோட்டானுக்குத் தெரியும். திட்ட அலுவலகம் என்றைக்காவது தானே விழித்துக்கொண்டு கணக்கெடுக்கும். அதுவரைக்கும் நர்ஸ் படியேறுவாள். அவ்வளவுதான் அவர்களால் வாங்கிக் கொடுக்க முடிந்தது.

பேராசிரியர் வராந்தாவில் யாரோடும் பேசாமல் கடந்து போனார். பத்தடி போனவர் திரும்பி வந்து, "புதுக் கேள்விகளை முதல்ல என்கிட்ட காட்டு," என்று மாணவியிடம் சொல்லிவிட்டு மறுபடி போனார்.

"மச்சான்கிட்ட என்னம்மா சொல்வே?" என்று கோட்டான் கேட்டாள்.

"இன்னும் ஒரு வருஷம் ஹால்ல படுப்பேன்னு. ஒண்ணும் சொல்லமாட்டார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இப்போ அந்தக் கட்டடத்துக்குத்தான் போறேன்."

தவளை வண்டிச் சாவியை எடுத்தான். "ஏறுங்க, விட்டுட்டுப் போறோம். மேடம் கீழேயே இருக்கட்டும். அவங்க ரத்த அழுத்தத்தை நேத்துப் பார்த்ததுல எனக்கு ஏறிப்போச்சு."

கோட்டான் கீழே இருக்கவில்லை. நின்று நின்று, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, எல்லோருக்கும் கடைசியாக ஏழாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மாணவி கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். தவளை ஜன்னலோரம் நின்றிருந்தான், வாய் மூடியிருந்தது. கோட்டான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"இது புது ஆய்வு. விருப்பம் இல்லைன்னா பதில் சொல்லவேண்டாம். எப்போ வேணும்னாலும் நிறுத்திக்கலாம்," என்றாள் மாணவி, எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில். "ஆரம்பிக்கலாமா?"

"ம்."

"உங்க வயசு?"

கட்டிலில் இருந்தவள் பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தித் தொண்டையைச் செருமினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். தலையணையில் கையை ஊன்றி, முடிந்தவரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முப்பத்தாறு," என்றாள்.